ஒன்றில் நிற்க வேண்டிய முள்

“கத்தியைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்.”

மகள் கத்தியை மேடைமேல் வைத்துவிட்டாள். ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் பனி கட்டைவிரல் பருமனுக்குப் படிந்திருந்தது. ஒரு பெரிய தொழிற்சாலையின் குளிரூட்டும் பிரிவு முழுக்க அவள் பொறுப்பில் ஓடுகிறது. அம்மா வீட்டில் ஒரு ஃப்ரிட்ஜைச் சுரண்ட அவளுக்கு அனுமதி கிடையாது.

“வேற என்ன பண்றது? சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் அதோட மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உட்காரலாமா?”

“ஒரு கிண்ணத்துல வெந்நீர் வை. கதவைச் சாத்து. நீ உழைக்காதே, வெந்நீர் உழைக்கட்டும்.”

வைத்தார்கள். தரையில் பழைய விரிப்பு ஒன்றை மடித்துப் போட்டார்கள். மடிக்கும்போது அம்மா ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒரு உதறு உதறினாள். மகளின் கையிலிருந்த முனை நழுவியது. இத்தனை வருடத்திலும் அந்த உதறலுக்கு ஈடுகொடுக்க அவளுக்குக் கைவரவில்லை.

ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி மட்டும் இருந்தது. அதைச் சுற்றி, அழுக்குப் படியாத வட்டம். அழுத்தம் காட்டும் பழைய பாய்லர் கேஜ் ஒன்று மாட்டியிருந்த இடம்.

“கேஜை எப்ப திரும்ப வாங்கப் போறே?”

“புதன்கிழமை போகணும். அந்த ரிப்பேர் கடைக்காரன் முள்ளைக் கழட்டி வச்சுக்கிட்டு என்கிட்ட வழக்காடுறான். ஒண்ணுல நிறுத்துப்பான்னா, சும்மா இருக்கிற கேஜ் ஜீரோவுலதாம்மா நிக்கணும்ங்கிறான்.”

“உனக்கு ஏம்மா இந்த வீம்பு?”

“வீம்புதான்.”

உள்ளே தடாலென்று சத்தம். பனி முழுப் பாளமாகக் கழன்று விழுந்திருந்தது. அம்மா கைதட்டிச் சிரித்தாள்.

அது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. அப்பா தேநீரைக் கொண்டுபோய் வைத்து, ஆறிவிடும் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் கேஜ் அந்தச் சுவருக்கு எப்படி வந்தது என்பதுதான் அம்மாவின் கதை.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். உள்ளே நீராவி ஓடும் நீண்ட உருளை ஒன்று. துவைத்த விரிப்பை இரண்டு பெண்கள் இரு பக்கமும் பிடித்து, ஒரு உதறு உதறி, சுருக்கமில்லாமல் உருளைக்குள் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கம் ஈரமாகப் போவது அந்தப் பக்கம் காகிதம்போல விறைப்பாக வரும். நீராவி நன்றாக இருக்கும் நாளில் ஒரே ஓட்டத்தில் வேலை முடியும். சில நாள் விரிப்பு திட்டுத்திட்டாக ஈரத்தோடு வரும். மறுபடி போட வேண்டும். மேலே வார்டிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து கத்துவார்கள்.

அப்படிப்பட்ட ஒரு நாளில் அம்மா பக்கத்து அறைக்குப் போய்ப் பாய்லர்காரரிடம் சொன்னாள்:

“அண்ணே, இன்னிக்கு ஆவி ஈரமா வருது.”

“ஆவி ஈரமா வராம, பவுடராவா வரும்?”

சலவை அறை முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்துவிட்டுத் திரும்பினாள். ஆனால் அந்தக் கேலி உள்ளே தைத்துவிட்டது.

பாய்லர்காரர் இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு பெறப்போகிறார் என்றும், அந்த இடத்துக்கு டிப்ளமோ முடித்தவர்தான் வேண்டும் என்றும், உள்ளேயே வேலை பார்ப்பவர் முடித்திருந்தால் அவருக்கே முதலிடம் என்றும் ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஆண்கள் படித்துவிட்டு நகர்ந்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து, பொறியியல் கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த மகளைக் கேட்டாள்:

“பாலிடெக்னிக்ல சாயங்கால வகுப்புக்கு வயசு வரம்பு எதுவும் உண்டாடி?”

அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அன்று காதோரம் பச்சைப் புள்ளிகளோடு உட்கார்ந்திருந்தார்.

“ஒரு பொண்ணைத்தான் பெத்தேன்னு நினைச்சேன். இப்ப ரெண்டு பொண்ணைப் படிக்க வைக்கணும்போல” என்றார். மறுநாள் அம்மாவுக்கு ஒரு டிராயிங் பலகையை வார்னிஷ் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

கணக்கும் வரைபடமும் அம்மாவுக்குத் தகராறு இல்லாமல் ஓடின. இரண்டாம் வருடம் வெப்ப இயக்கவியல் வந்தது. கல்லூரியில் மகளுக்கும் அதே வருடம் அதே பாடம். ஆளுக்கொரு ஸ்டீம் டேபிள் புத்தகம் வாங்குவானேன் என்று ஒன்றே வாங்கினார்கள். எந்த அழுத்தத்தில் நீராவிக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு சக்தி என்று வரிசை வரிசையாக எண்கள் போட்ட மெல்லிய புத்தகம். அம்மா அதற்குக் கழிவு விரிப்புத் துணியில் உறை தைத்தாள். பகலில் அது மகளோடு பேருந்தில் போகும். சாயங்காலம் அம்மாவோடு போகும். புத்தகம் வர நேரமானால் அம்மா தெருமுனையில் நின்றிருப்பாள்.

“ஏண்டி, நீ படிக்கிறது படிப்பு, நான் படிக்கிறது பொழுதுபோக்கா?”

அந்தப் பாடத்தின் முதல் வகுப்பு முடிந்து வந்த அன்று அம்மா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட வேண்டுமாம். கோட்டுக்கு உள்ளே இருப்பது அமைப்பு. வெளியே இருப்பது சூழல். கோட்டைத் தாண்டி என்ன உள்ளே வருகிறது, என்ன வெளியே போகிறது என்பதுதான் கணக்கு. அம்மாவுக்கு இது ஏதோ கிடைக்காதது கிடைத்ததுபோல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் எந்தச் சண்டை என்றாலும், “முதல்ல கோட்டைப் போடுங்க, அப்புறம் பேசுங்க” என்பாள்.

“சரி, போட்டாச்சு” என்றார் அப்பா ஒரு முறை. “எங்க அக்கா உள்ளேயா, வெளியேயா?”

“வெளியே. ரொம்ப வெளியே.”

வெயில் தாங்காமல் அப்பா ஒரு மத்தியானம் ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்து அதன் முன் நின்றபோதும் அதே கோடுதான்.

“சாத்துங்க. வீடு சூடாகுது.”

“ஏம்மா, குளிரு மூஞ்சியில அடிக்குது, சூடாகுதுங்கிறே?”

“சமையலறையைச் சுத்திக் கோட்டைப் போடுங்க. கரன்ட் உள்ளே வருது. வெளியே எதுவும் போகல. அது எங்க போய்ச் சேரும்? உங்க முதுகுலதான்.”

அப்பா மகளைப் பார்த்தார். மகள் தலையாட்டினாள். அப்பா கதவைச் சாத்திவிட்டு, “வீட்டுல ரெண்டு இன்ஜினியர். பல்பு மாத்த மட்டும் நான்தான் ஏணி தூக்கணும்” என்று வெளியே போய்விட்டார்.

என்ட்ரோபி என்ற பாடம் வந்த வாரம் இரண்டு பேருமே அடிவாங்கினார்கள்.

“உனக்குப் புரியுதாடி?”

“இல்ல. உனக்கு?”

“இல்ல.”

“அப்ப நம்ம குடும்பத்துலயே கிடையாதுபோல.”

ஆனால் நீராவிப் பாடம் தொடங்கிய அன்று அம்மா வந்த வேகம் வேறு. செருப்பைக் கழற்றவில்லை.

“ஈர நீராவின்னு ஒண்ணு இருக்குடி! புத்தகத்துலயே போட்டிருக்கான்! நூத்துக்கு எவ்வளவு பங்கு காய்ஞ்சிருக்கு, எவ்வளவு பங்கு தண்ணியா இருக்குன்னு அதுக்கு ஒரு கணக்கே இருக்கு!”

மறுநாள் பாய்லர் அறைக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். பாய்லர்காரர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “புத்தகத்துல ஆயிரம் போடுவான். இஸ்திரி போடுற கைக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்றார்.

“நீங்க போன பிறகு பாய்லர் அழாம பார்த்துக்க ஒரு ஆள் வேணாமா அண்ணே?”

பரீட்சை வந்தது. மகள் தன் பரீட்சையை முந்தின வாரமே முடித்திருந்தாள். அம்மாவை அழைத்துவரப் போனாள். பாலிடெக்னிக் வாசலில் இளவட்டங்களுக்கு நடுவே அம்மா முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

“கேஜே வந்துச்சுடி! நம்ம பாய்லர் கேஜ்! பாய்லர்ல கேஜ் ஏழு பார் அழுத்தம் காட்டுதுன்னு ஆரம்பிச்சான். நான் தினமும் பார்க்கிற ஏழு! கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன்.”

“ஸ்டீம் டேபிள்ல எந்த வரிசையை எடுத்தே?”

“ஏழுதான். வேற எதை எடுப்பாங்க?”

பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்கள். அம்மா மகளின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“என்னடி?”

“கேஜ்ல ஏழுன்னா எட்டும்மா. வெளிக்காத்து ஒண்ணைச் சேர்க்கணும்.”

“என்ன எட்டு? பதினஞ்சு வருஷமா அந்த முள்ளைப் பார்க்கிறேன். ஏழுலதான் நிக்குது.”

“ஆமாம்மா. ஏழுலதான் நிக்கும்.”

அந்த ஒரு கேள்வியில்தான் பாதிப் பரீட்சை தொங்கிக்கொண்டிருந்தது. முதல் எண் தப்பினால் அதைப் பிடித்து வரும் அத்தனையும் தப்பும். பாய்லரையே கண்ணால் பார்க்காத பிள்ளைகள் வகுப்பில் சொன்னபடி ஒன்றைக் கூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தினமும் பார்த்த அம்மாவுக்குத்தான் கூட்டத் தோன்றவில்லை.

மற்ற எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. வெப்ப இயக்கவியல் மட்டும் அரியர். பாய்லர்காரர் ஓய்வு பெறுவதற்குள் அதை மறுபடி எழுத இன்னும் ஒரே ஒரு பரீட்சை இருந்தது. அதிலும் விழுந்தால் வெளியிலிருந்து ஆள் வந்துவிடும்.

அம்மா மறைக்கவில்லை. காலையில் உருளைக்குப் பக்கத்தில் நின்று, “ஃபெயில்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு விரிப்பைக் கையில் எடுத்தாள். அன்று பாய்லர்காரர்கூடக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை என்று வீட்டில் சொன்னாள்.

அந்த வாரம் மாலை வகுப்பு வாத்தியாரிடம் போனாள். அவர் மகளைவிடச் சில வயதுதான் மூத்தவர். அம்மாவோடு துணைக்குப் போயிருந்த மகள் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள்.

“சார், அந்த முள் இவ்வளவு நாளா என்கிட்ட பொய்யா சொல்லிச்சு?”

“பொய் இல்லம்மா. வெளியில இருக்கிற காத்தைவிட உள்ளே எவ்வளவு கூடுதலோ, அதை மட்டும் சொல்லிச்சு. காத்தோட அழுத்தம் எப்பவும் இருக்கிறதால அதைக் கணக்குல சேர்க்கல. அது ஜீரோன்னு காட்டும்போதும் உள்ளே ஒண்ணு இருக்கு.”

“பாய்லரை அணைச்சு, ஆறிப்போய், திறந்து வச்சிருந்தாலும்?”

“அப்பவும்.”

பாய்லரைச் சுத்தம் செய்ய நிறுத்திய நாளில் அம்மா உள்ளே போய்க் கேஜ் முன்னால் நின்றாள். முள் ஜீரோவில் இருந்தது. வார்டிலிருந்து வாங்கிவந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, பேனாவால் ‘+1’ என்று எழுதி, கண்ணாடிமேல் ஒட்டினாள்.

மறுநாள் பாய்லர் அறையிலிருந்து சத்தம் வந்தது.

“எவ இதுக்குப் பிளாஸ்திரி போட்டது? கேஜ் என்ன கீழே விழுந்து அடிபட்டுச்சா?”

“அடிபட்டது கேஜ் இல்லண்ணே” என்றாள் அம்மா, உருளைப் பக்கமிருந்து. “நான்.”

அவர் அதைப் பிய்த்துப் போட்டார். அம்மா மறுபடி ஒட்டினாள். மறுபடி பிய்த்தார், மறுபடி ஒட்டினாள். சூட்டில் பிளாஸ்திரி தானாகவே உரிந்து விழுந்த ஒரு நாளில், புதிதாக ஒன்று அங்கே ஒட்டப்பட்டிருந்தது. அந்தக் கூட்டல் குறி அம்மா போட்டதல்ல. அது பாய்லர்காரரின் கோணல் கையெழுத்து.

இரண்டாவது பரீட்சை முடிந்து வந்தபோது அம்மா முகத்தில் சிரிப்பு இல்லை.

“கேஜ் வந்துச்சா?”

“வரல. கண்டன்சர், ஆவி குளிர்ந்து தண்ணியாகுற பெட்டி. உள்ளே காத்தை உறிஞ்சிட்டானாம். எழுநூறு மில்லிமீட்டர் பாதரச வெற்றிடம்னு கொடுத்தான். என் வாழ்நாள்ல அப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. யாரைக் கேட்கிறது?”

“என்ன பண்ணினே?”

“வெளிக்காத்து எழுநூத்தி அறுபது. அதுல எழுநூறை எடுத்துட்டான். மிச்சம் அறுபது. எடுத்ததை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? மிச்சம் இருக்கிறதுதானே நிஜம்? அதை வச்சு வரிசையைப் பார்த்தேன். நாப்பத்தொண்ணு டிகிரின்னு வந்துச்சு.” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “ஏண்டி, நாப்பத்தொண்ணுல தண்ணி கொதிக்குமா? கை பொறுக்கிற சூடுடி அது. குளிக்கிற தண்ணி. அதனாலதான் பயமா இருக்கு.”

“கொதிக்கும்மா.”

“நிஜமாவா?”

“நிஜமா. அங்க கொதிக்கும்.”

பேருந்தில் ஏறினார்கள். இறங்கும்போது அம்மா, யாரிடமோ சொல்வதுபோல, “கையை உள்ளே விட்டா சுடாது. ஆனா கொதிச்சுக்கிட்டிருக்கும்” என்றாள். அவளுக்கு முடிவைப் பற்றிய கவலையே அப்போது போய்விட்டிருந்தது. மகளுக்குத்தான் போகவில்லை. தன்னுடைய பரீட்சை முடிவுக்குக்கூட அவள் அப்படிக் காத்திருந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஊர்ச்சுவருக்கெல்லாம் அடித்து முடித்து, கடைசியில் சொந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க அப்பா ஏணிமேல் ஏறியிருந்தார். மகள் எடுத்தாள். போனில் அவள் குரலும் அம்மா குரலும் ஒன்றுபோல இருக்கும். எல்லோரும் ஏமாறுவார்கள்.

“அம்மா, நீங்க பாஸ்!” என்றார் வாத்தியார். “அந்தக் கண்டன்சர் கணக்கை வகுப்புல ஆறே பேர்தான் சரியா போட்டிருக்காங்க. அதுல நீங்க ஒருத்தர்!”

“இருங்க சார்” என்றாள் மகள். “பாஸானவங்களைக் கூப்பிடுறேன்.”

ஏணிமேலிருந்தே அப்பா கேட்டார்: “எந்த இன்ஜினியர்?”

“பெரிய இன்ஜினியர்.”

பாய்லர்காரர் கடைசி நாளில் சாவியைக் கொடுத்தபோது கேட்டாராம்: “இனிமே ஆவி ஈரமா வந்தா யார்கிட்டம்மா சொல்லுவே?”

“என்கிட்டேயேதான் அண்ணே.”

முதல் மாதமே அம்மா குழாயோடு குழாயாகப் பாய்லரிலிருந்து உருளைவரை நடந்து பார்த்தாள். வழியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் வால்வுகள் பாதி அடைத்துக் கிடந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்தாள். விரிப்புகள் ஒரே ஓட்டத்தில் காய்ந்தன. உருளையடியில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்து, “அக்கா, இன்னிக்கு ஆவி பவுடராவே வருதுக்கா!” என்று கத்தினார்கள்.

ஒரு ஆய்வாளர் வந்து, அம்மாவைத் தாண்டி அறையைத் தேடிவிட்டு, “பாய்லர் ஆபரேட்டர் எங்கே?” என்று கேட்டார். பாதுகாப்புக்காகத் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது.

“கோட்டுக்கு உள்ளே இருக்கிறவங்கதான் ஆபரேட்டர் சார். நீங்க வெளியே நிக்கிறீங்க” என்றாள் அம்மா.

மகள் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது மேலாளர், “வீட்டுல வேற யாராவது இன்ஜினியர் உண்டா? அப்பாவா?” என்றார். “அம்மா” என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகவே அன்று வேலைக்குப் போனதுபோல் இருந்தது.

அம்மா ஓய்வு பெற்ற வருடம் பழைய கேஜைக் கழற்றிவிட்டு எண் காட்டும் புதிய கருவியைப் பொருத்தினார்கள். பழையதைத் தலையணை உறையில் சுற்றி, இஸ்திரி மடிப்புக் கலையாமல், சலவை அறைப் பெண்கள் அம்மா கையில் கொடுத்தார்கள். அம்மா அதைச் சமையலறையில் மாட்டினாள். வீட்டுக்கு வருபவர்கள், “இந்தக் கடிகாரம் ஓடலையே” என்பார்கள். அம்மா விளக்குவாள். அவர்கள் வந்த வேலையை மறந்துவிட்டுப் போவார்கள். பிளாஸ்திரி நாளடைவில் பழுத்து உதிர்ந்துவிட்டது.

பிறகுதான் அந்த ஜீரோ அவள் கண்ணை உறுத்தத் தொடங்கியது. “பாரு, வீட்டுக்குள்ள காத்தே இல்லைங்குது” என்பாள். ஒரு நாள் பையில் போட்டுக்கொண்டு கேஜ் பழுதுபார்க்கும் கடைக்குப் போய்விட்டாள்.

அம்மா இறந்த அடுத்த வாரம், அதே சமையலறையில், மகள் கையில் அம்மாவின் கைபேசி அடித்தது. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்தட்டில் அதற்குள் மெலிதாகப் புதுப் பனி.

“அம்மா, புதன்கிழமை வர்றேன்னீங்க, ஆளையே காணோம்?” கடைக்காரர் குரல். “முள்ளை அழுத்தி வைக்கப்போறேன். கடைசியா ஒரு தடவை கேட்டுக்கிறேன். ஜீரோவா, ஒண்ணா? பின்னாடி என்னைத் திட்டக்கூடாது.”

மகள் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினாள்.

“ஒண்ணு.”

“பார்க்கிறவங்க கேஜ் கெட்டுப்போச்சும்பாங்கம்மா.”

“சொல்லட்டும். ஒண்ணுலயே நிறுத்துங்க. வெளிக்காத்து ஒண்ணுக்கு ஒரு இழை கூடத்தான், முள்ளும் ஒரு இழை மேல இருந்தா இன்னும் சரி.”

கடைக்காரர் சிரித்தார். “நீங்க விடவே மாட்டீங்களே! சரி, வச்சுடறேன். எப்ப வந்து வாங்கிக்கிறீங்க?”

இருங்க, அம்மாவைக் கூப்பிடுறேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.